விருப்பமே வித்து

பள்ளிக்குச் செல்ல மறுக்கும் சிறுவனைக் கண்டால், ‘இவனுக்குக் கல்வியில் நாட்டமில்லை’ என்று பெரியோர் உடனே முடிவு கட்டுவர். செய்யுளைக் கண்டு முகம் சுளிக்கும் மாணவனைக் கண்டால், ‘இவனுக்குத் தமிழ் வாராது’ என்பர். இவ்விரண்டும் பெரும்பாலும் அவசர முடிவுகளே. பாடத்தை வெறுத்தல் வேறு; கல்வியை வெறுத்தல் வேறு. செய்யுளை ஒப்பிக்க அஞ்சுதல் வேறு. கவிதையை விரும்பாதிருத்தல் வேறு. இவ்வேறுபாட்டைப் பெரியோர் உணராமையால் எத்தனையோ இளம் புலமை மொட்டிலேயே கருகியிருத்தல் கூடும். இவ்வுண்மைக்குத் தொலைவில் சென்று சான்று தேட வேண்டுவதில்லை. கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திற்கு அண்மையிலுள்ள மருதூர் என்னும் சிற்றூரில் பிறந்த இராமலிங்க அடிகளின் இளமை வரலாறே போதிய சான்றாகும்.

இராமலிங்கர் 1823ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை, தாயார் சின்னம்மையார். தந்தையார் ஊர்க்கணக்கராக விளங்கியதோடு, சிறுவர்க்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தும் வந்தார். கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றோர் இராமலிங்கரைச் சிதம்பரத்திற்கு எடுத்துச் சென்று கூத்தப்பெருமானை வழிபட்டனர் என்பது வழிவழி வந்த செய்தி. ஆனால் தந்தையின் நிழல் அக்குழந்தைக்கு நெடுநாள் கிடைக்கவில்லை. ஓராண்டு நிறையுமுன் இராமையா பிள்ளை மறைந்தார். சின்னம்மையார் மக்களை அழைத்துக்கொண்டு முதலில் பொன்னேரிப் பக்கத்திற்கும், பின்னர்ச் சென்னைக்கும் சென்று குடியேறினார்.

குடும்பப் பொறுப்பு மூத்த மகனாகிய சபாபதியின் தோளில் விழுந்தது. அவர் புராணச் சொற்பொழிவு செய்து பொருள் ஈட்டியவர். கல்விதான் அந்த வீட்டிற்குச் சோறு போட்டது. ஆகவே, தம்பியும் முறையாகக் கற்றுத் தேர்ச்சி பெற வேண்டும் என்று அவர் விரும்பியதில் வியப்பில்லை. முதலில் தாமே கற்பித்தார். பிறகு, தமக்கு ஆசிரியராக இருந்த காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் தம்பியை அனுப்பினார். தம்பியின் மனமோ பாடத்தில் படியவில்லை. ஆசிரியர் வீட்டிற்குச் செல்லும் கால்கள், கந்தகோட்டத்து முருகன் கோயிலுக்குச் சென்றன. சிறுவர் அங்கே நின்று பாடத் தொடங்கினார். ஆசிரியர் அப்பாடும் திறத்தை அறிந்து வியந்து, பாடம் சொல்வதை நிறுத்திக்கொண்டார் என்பர்.

தமையனார் சினந்தார். படிக்காத தம்பிக்கு வீட்டில் உணவு இடலாகாது என்று கட்டளையிட்டார். இச்சினத்தை இன்று கேட்போர் அவரைக் கொடியவர் என்று எண்ணிவிடக் கூடாது. தந்தையற்ற வீட்டில் தந்தையின் கடமையைச் செய்தவர் அவர். தம்பி வாழ வழியறியாமல் போவானோ என்ற அச்சமே சினமாக வெளிப்பட்டது. இன்றும் பல வீடுகளில் எழும் சினம் இத்தகையதே. அன்பிலிருந்து பிறந்ததாயினும் அச்சினம் சிறுவரைப் பாடத்தின் பக்கம் ஓரடியும் திருப்பவில்லை என்பதே கருதத்தக்கது.

அவ்வீட்டில் வேறு வழியில் நடந்தவர் ஒருவர் இருந்தார். அவர் தமையனாரின் மனைவியார். கணவர் அறியாதவாறு மைத்துனர்க்குச் சோறிட்டு, ‘வீட்டில் இருந்து படித்தால் ஆகாதா?’ என்று கண்ணீர் மல்கக் கேட்டார். அக்கண்ணீர் செய்ததைக் கட்டளை செய்யவில்லை. இராமலிங்கர் வீட்டில் தங்க இசைந்தார். மாடியில் ஓர் அறை அவர்க்கு ஒதுக்கப்பட்டது. நூல்களும், விளக்கும், ஒரு கண்ணாடியும் வைத்துக்கொண்டு அவர் அவ்வறையில் தனித்திருந்தார். கண்ணாடியில் முருகப்பெருமானைக் கண்டு பாடினார் என்று அவர் வரலாறு கூறும். ஏறத்தாழ ஒன்பது வயதில் தொடங்கிய அப்பாட்டு, அவர் வாழ்நாள் முழுவதும் ஓயவில்லை. ‘திருவருட்பா’ என்னும் பெயரால் இன்று வழங்கும் அவர் பாடல்கள் ஆறாயிரத்திற்குச் சற்றே குறைந்தவை.

அடிகள் தம் கவித்திறத்தை இறையருளின் பயனாகவே கருதினார். அருளின் பயன் என்று கொள்வாரும் உண்டு. பிறவியில் அமைந்த ஆற்றல் என்று கொள்வாரும் உண்டு. எவ்வாறு கொண்டாலும் ஒன்று தெளிவு. அவ்வாற்றல் வெளிப்படுவதற்கு மூன்று துணைகள் அமைந்தன: பாட்டைக் காதாரக் கேட்க ஓரிடம், தடையின்றி இருக்க ஓர் அறை, படித்தாலும் படிக்காவிட்டாலும் மாறாத ஓர் அன்பு. இம்மூன்றும் பொன்னும் பொருளும் கொடுத்துப் பெற வேண்டியவை அல்ல. ஓர் எளிய வீட்டிலும் அமையக் கூடியவை.

முதல் துணையைச் சற்று ஆராய்தல் நன்று. சிறுவர் ஏன் ஆசிரியரின் வீட்டை விட்டுக் கோயிலை நாடினார்? பத்தி ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. வகுப்பில் செய்யுள் பதம் பிரித்துப் பொருள் கூறப்படுவது. கோயிலில் அது பாடப்படுவது. தமிழ்ச் செய்யுளின் உயிர் ஓசையில் உள்ளது. அசையும் சீரும் தளையும் இலக்கண நூலில் பிறந்தவை அல்ல. தாலாட்டிலும் ஏற்றப் பாட்டிலும் கும்மியிலும் அவை முன்பே இருந்தன. இலக்கணம் அவற்றிற்குப் பெயரிட்டது. சிதம்பரத்தோடு பெரிதும் தொடர்புடைய மாணிக்கவாசகர் இதனை நன்கு அறிந்தவர். மகளிர் பூப்பறிக்கையிலும், பொற்சுண்ணம் இடிக்கையிலும், ஊசலாடுகையிலும், அம்மானை ஆடுகையிலும் பாடும் பாட்டுகளின் மெட்டையே எடுத்துத் திருவாசகத்தின் பல பதிகங்களை அவர் அமைத்தார். இராமலிங்கரும் அவ்வழியே சென்று, கும்மியும் கண்ணியும் சிந்தும் பாடினார். கற்றோரைப் போலவே கல்லாதாரும் அவற்றைப் பாடினர்.

ஆதலின், செய்யுளை வெறுக்கும் மாணவனுக்குச் செய்யுள் முறையாக அறிமுகமாகவில்லை என்றே கொள்ள வேண்டும். அருஞ்சொற்பொருளோடும் வினாவிடையோடும் முதலில் வந்து நின்ற செய்யுள் அவனுக்குத் தேர்வாகவே தோன்றும். ஓசையோடு வந்திருந்தால் அதுவே பாட்டாகத் தோன்றியிருக்கும். மாம்பழத்தை அறுத்துக் கொட்டையின் எடையைக் கணக்கிட்ட பின்னரே சுவைக்க விடுவது அறிவுடைமை ஆகாது.

இக்கருத்துக்கு வங்கநாட்டிலும் ஒரு சான்று உண்டு. இரவீந்திரநாத் தாகூர் இளமையில் பள்ளியை அறவே வெறுத்தவர். ஒரு பள்ளியை விட்டு மற்றொன்று மாற்றியும் பயனில்லை. அவர்க்கு ஏறத்தாழ எட்டு வயதானபோது, வயதில் மூத்த உறவினர் ஒருவர் அவரை அழைத்து, வங்கமொழியில் வழங்கும் ‘பயார்’ என்னும் பதினான்கு அசை யாப்பின் அமைப்பை விளக்கி, ஒரு செய்யுள் எழுதுமாறு கூறினார். அதுவரை, அச்சிட்ட நூலில் காணும் கவிதை மனிதர் முயன்று செய்யக்கூடியது என்றே சிறுவர் நினைத்ததில்லை. சொற்களை இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சேர்த்துப் பார்த்தார்; செய்யுள் அமைந்துவிட்டது. அச்சம் அகன்றது. ஒரு நீலத்தாள் ஏட்டைப் பெற்று, அதில் கோணல்மாணலாகத் தாமே கோடுகள் இழுத்துக்கொண்டு, பெரிய எழுத்தில் பாட்டெழுதத் தொடங்கினார். இச்செய்தியைத் தாகூரே தம் வாழ்க்கை நினைவுகளில் சுவைபட எழுதியுள்ளார். அவரே 1913ஆம் ஆண்டில் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். பள்ளிகள் பல செய்ய முடியாததை, யாப்பின் இரகசியத்தை அன்போடு கூறிய ஓர் உறவினர் சில நிமிடங்களில் செய்து முடித்தார்.

கவிதைக்கு மட்டுமன்றி உரைநடைக்கும் இது பொருந்தும். கடலூரில் 1934ஆம் ஆண்டு பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பின்னர்ச் சென்னையில் பொதுவுடைமைக் கட்சியின் அலுவலகத்திலும் அச்சகத்திலும் இருந்து, பெரியோர் பேச்சைக் கேட்டும் நூல்களைப் படித்தும் தம்மைத் தாமே உருவாக்கிக் கொண்டார். 2002ஆம் ஆண்டிற்குரிய ஞானபீட விருது அவர்க்கு அளிக்கப்பட்டது. பள்ளி மணி நின்ற இடத்தில் அவர் கல்வி நின்றுவிடவில்லை.

இவற்றைக் கேட்கும் மாணவன் ஒருவன், ‘அப்படியானால் யானும் பள்ளிக்குச் செல்ல வேண்டுவதில்லை’ என்று மகிழக் கூடும். அம்மகிழ்ச்சி நிலைக்காது. இராமலிங்கர் ஓர் ஆசிரியரிடம் இருந்து விலகினார். படிப்பில் இருந்து விலகவில்லை. தாம் எப்பள்ளியிலும் பயின்றவர் அல்லர் என்பதை அவர் பாடல்களில் குறித்திருப்பது உண்மை. ஆனால் தேவாரத்தையும் திருவாசகத்தையும் அவர் எத்துணை ஆழ்ந்து ஓதினார் என்பதையும் அதே பாடல்கள் காட்டுகின்றன. அவர் 1851ஆம் ஆண்டில் ‘ஒழிவிலொடுக்கம்’ என்னும் நூலைப் பதிப்பித்தார். 1854ஆம் ஆண்டில் ‘மனுமுறை கண்ட வாசகம்’ என்னும் உரைநடை நூல் வெளிவந்தது. வேறு பழைய நூல்களும் அவரால் பதிப்பிக்கப்பட்டன. ஒரு பழைய நூலைப் பதிப்பிப்பது விளையாட்டன்று. சுவடிகளை ஒப்புநோக்க வேண்டும். பாடபேதம் காண வேண்டும். சொல்லுக்குச் சொல் பொருள் தெளிய வேண்டும். ஆசிரியர் இல்லாமல் கற்பவன் தனக்குத் தானே ஆசிரியனாக வேண்டும். அவ்வாசிரியன் மற்றெந்த ஆசிரியனினும் கண்டிப்புடையவனாக இருத்தல் வேண்டும்.

அவருடைய ‘அருட்பெருஞ்சோதி அகவல்’ 1596 அடிகளை உடையது. 1872ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ஓரிரவில் அது எழுதி முடிக்கப்பட்டது என்பர். ஓரிரவு என்பதைக் கேட்டு வியப்போர், அவ்விரவிற்கு முன் சென்ற நாற்பது ஆண்டுகளை மறந்துவிடுகின்றனர். ஒன்பது வயதில் பாடத் தொடங்கியவர் அவ்வகவலைப் பாடியபோது நாற்பத்தெட்டு வயதினர். இடையில் பாட்டின்றிக் கழிந்த காலம் இல்லை. விருப்பம் உழைப்பை எளிதாக்குமே அன்றி, அதனை வேண்டாததாக ஆக்குவதில்லை.

இன்னும் ஒன்று நினைக்கத் தக்கது. இளமையிலேயே பாடத் தொடங்கியும், அவர் தம் பாடல்களை நூலாக்க விரையவில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் முதலிய அன்பர்கள் பலகால் வற்புறுத்திய பின்னரே இசைந்தார். தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுத்த முதல் நான்கு திருமுறைகள் 1867ஆம் ஆண்டில் அச்சேறின. தம் பெயரை ‘இராமலிங்கசாமி’ என்று வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது. அவ்வாறு வழங்க வேண்டா என்று அவர் அன்பர்க்கு எழுதினார். எழுதிய மை உலருமுன் பாராட்டை எதிர்பார்க்கும் இக்காலத்து இளைஞர்க்கு இது நல்ல பாடம். பரிசுக்காக எழுதும் பழக்கம் முதலிலேயே ஏற்பட்டுவிட்டால், பரிசு கிடைக்காத நாளில் எழுதுகோல் கீழே விழுந்துவிடும். எழுதுவதே இன்பம் என்று கண்டவனுக்கு அவ்வீழ்ச்சி இல்லை.

பாடத்தை விட்டு ஓடிய அச்சிறுவர் பிற்காலத்தில் செய்தது யாது? சிதம்பரத்தை அடுத்தும், கருங்குழியிலும், வடலூரிலும், மேட்டுக்குப்பத்திலும் வாழ்ந்த காலத்தில், பசித்தோர்க்குச் சோறிடும் தருமசாலையை 1867ஆம் ஆண்டு வடலூரில் அமைத்தார். அதனோடு நில்லாது, ‘சன்மார்க்க போதினி’ என்னும் பாடசாலையும் கண்டார். சிறுவர் முதல் முதியோர் வரை பயில, தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மும்மொழியும் அங்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். தாகூரும் அவ்வாறே 1901ஆம் ஆண்டில் சாந்திநிகேதனத்தில் மரநிழலில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கல்வியை வெறுத்தவர் பள்ளி நிறுவுவரோ? அவர்கள் வெறுத்தது கற்பிக்கும் முறையையே, கல்வியை அன்று. தாம் விரும்பிய முறையில் பிறர் கற்க வேண்டும் என்னும் அருளே பள்ளிகளாக உருப்பெற்றது.

எனவே, கவிதையில் மாணவர்க்கு விருப்பம் உண்டாக்க நினைக்கும் பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை சில உள. பாட்டைப் பொருள் கூறுமுன் பாடிக் காட்டுதல் வேண்டும். மனப்பாடம் செய்தலைத் தண்டனையாக்காமல் களஞ்சியமாக்க வேண்டும். நெஞ்சில் நின்ற நூறு அடிகளே நூற்றோராவது அடியைப் பிறப்பிக்கும். மாணவனை அவன் அறிந்த பொருளைப் பற்றி எழுத விட வேண்டும். கடலூர் மாணவன் இமயமலையைப் பற்றி எழுத வேண்டுவதில்லை. அவனுக்குக் கெடிலம் உண்டு. மீன்பிடி படகுகள் திரும்பும் கரை உண்டு. சிதம்பரத்து மாணவனுக்குக் கோபுர நிழல் விழும் வீதிகள் உண்டு. பிச்சாவரத்தில் நீரின்மேல் வளைந்து நிற்கும் சுரபுன்னைக் காடு உண்டு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் ‘தானே’ புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. தாத்தா வைத்த பலாமரம் விழுந்ததைக் கண்ட பிள்ளைக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எவ்வாறு கூறுவது? சொல்ல ஓர் ஓசை மட்டுமே அப்பிள்ளைக்கு வேண்டும்.

எழுதி வந்த பிள்ளையின் ஏட்டில் முதலில் சிவப்பு மையைத் தொடுதல் கூடாது. முதலில் உரக்கப் படிக்கச் செய்து கேட்க வேண்டும். ஓசை இடறும் இடத்தில் அப்பிள்ளையின் காதே அதனைக் காட்டிக்கொடுக்கும். பிழை திருத்தம் பின்னர் வரட்டும், ஆனால் வரட்டும். எல்லாம் நன்று என்று புகழ்ந்துவிடுவதும், எல்லாம் தவறு என்று கிழித்துவிடுவதும் ஒரே அளவு தீங்கு செய்வன. வகுப்பில் நாற்பது பேருக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். வாரத்தில் ஒரு வகுப்பு, அதில் நான்கு மாணவர் தாம் எழுதிய நான்கடிகளைப் படித்தால் போதும். ஆண்டு முடிவதற்குள் அனைவரும் ஒரு முறையேனும் தம் குரலைத் தாமே கேட்டிருப்பர்.

சேக்கிழார் பெரியபுராணத்தைப் பாடியது சிதம்பரத்து ஆயிரக்கால் மண்டபத்தில் என்பர். அத்துணைப் பெரும்புலவரும் தொடங்கும் சொல் அறியாது நின்றார் என்றும், தில்லைக் கூத்தனே முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தான் என்றும் மரபு கூறும். தமிழில் இதற்கு ‘அடியெடுத்துக் கொடுத்தல்’ என்று பெயர். அடியெடுத்துக் கொடுத்தவர் பாட்டு முழுவதையும் தாமே பாடிவிடுவதில்லை. எஞ்சியவற்றைப் பாடுவது புலவனின் கடமை. பெரியோர் செய்யத்தக்கதும் இவ்வளவே. இளையோர்க்கு முதலடியை எடுத்துக் கொடுத்து, ஓர் அறையும் ஒரு விளக்கும் தந்து, சோறு ஆறுமுன் வந்து உண்ணுமாறு அழைத்தால் போதும்.

இனி மாணவர் கடமை ஒன்று உண்டு. செய்யுள் தமக்கு வாராது என்று முடிவு கட்டுமுன், ஒரு பாட்டை யாரும் கேளாத இடத்தில் நின்று உரக்கப் படித்துப் பார்த்தல் வேண்டும். பின்னர், தாம் கண்ட ஒன்றைப் பற்றி, அதே ஓசையில் நான்கடி எழுதிப் பார்த்தல் வேண்டும். முதல் முயற்சி கோணலாகவே அமையும். தாகூர் இழுத்த கோடுகளும் கோணலானவையே. மறுநாளும் எழுத வேண்டும் என்று மனம் விழையுமானால், வித்து ஊன்றப்பட்டது. நீர் பாய்ச்சுவது அவரவர் கையில் உள்ளது.